ஊர்ந்து போகையில் தேய்வது

2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் ஃபெடரல் நீதிமன்றம், ஃபோர்டு நிறுவனத்தின் அந்நாட்டுக் கிளைக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கியர்பாக்ஸ் பழுதானதற்காக விதித்த அபராதம் இல்லை அது. பழுதான காரை ஓட்டிக்கொண்டு வந்தவர்களிடம் நிறுவனம் நடந்துகொண்ட விதத்துக்கானது. ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் ஆகிய மாடல்களில் ‘பவர்ஷிஃப்ட்’ என்ற தானியங்கி கியர்பாக்ஸோடு அங்கே 70,000-க்கும் மேற்பட்ட கார்கள் விற்றிருந்தன. அவற்றில் ஏறக்குறைய பாதி, ஒரு முறையாவது அந்தக் கியர்பாக்ஸுக்காகப் பட்டறை ஏறியவை. கிளம்பும்போது உதறுகிறது, மிதித்தால் இழுவை வரத் தாமதமாகிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்துக்குச் சக்தி போகாமல் நின்றுவிடுகிறது என்று முறையிட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: ‘நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்.’ உதறல் தரக்குறைவின் அறிகுறி என்று தெரிந்திருந்தும் நிறுவனம் அப்படிச் சொன்னது என்பதுதான் வழக்கின் மையம்.

அந்தப் பதிலைச் சட்டத்துக்கு வெளியே, இயற்பியலின் மேசையில் வைத்துப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை. ஓட்டும் விதத்தைப் பொறுத்துத்தான் கிளட்ச் தேய்கிறது. ஆனால் கிளட்ச் மிதியே இல்லாத காரை வாங்கியவரிடம் அதைச் சொல்வது எவ்வளவு நியாயம்?

முதலில் அடிப்படைச் சிக்கல். பெட்ரோல் எஞ்சின், நிமிடத்துக்குச் சுமார் 600, 700 சுற்றுக்குக் கீழே இறங்கினால் அணைந்துவிடும். சக்கரமோ அசையாமல் நிற்கும் நிலையிலிருந்து சுழலத் தொடங்க வேண்டும். ஒருபக்கம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய தண்டு, மறுபக்கம் நின்றுகொண்டிருக்கும் தண்டு. இரண்டையும் இணைக்க வேண்டுமானால் நடுவில் ஏதாவது ஒன்று வழுக்கியாக வேண்டும். கியர் விகிதங்களை எத்தனை வைத்தாலும் இந்த வழுக்கலைத் தவிர்க்க முடியாது. விகிதத்தால் வேகத்தைக் குறைக்கலாம், சுழியமாக்க முடியாது. கியர்பாக்ஸ் பழுதுகளின் வரலாற்றில் பாதிக்கு மேல் இந்த வழுக்கலை எதனிடம் ஒப்படைத்தார்கள் என்பதன் வரலாறு.

வழுக்கலுக்கு ஒரு கறாரான விலை உண்டு. எஞ்சின் ஒரே வேகத்தில் சுழல்கிறது, கிளட்ச் ஒரே விசையோடு பிடிக்கிறது, கார் நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்தை எட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எஞ்சின் தந்த ஆற்றலில் சரிபாதி காரின் ஓட்டமாகிறது. மறுபாதி கிளட்சில் வெப்பமாகிறது. மெதுவாக விட்டாலும் வேகமாக விட்டாலும், விலை உயர்ந்த தகடாக இருந்தாலும் மலிவான தகடாக இருந்தாலும், இந்தப் பாதிக்குப் பாதி கணக்கு மாறாது. பொறியாளரின் திறமைக்கு இங்கே இடமில்லை. பிறந்த வெப்பத்தை எங்கே அனுப்புவது என்பதில்தான் அவருடைய வேலை தொடங்குகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 1,300 கிலோ எடையுள்ள சிறிய கார், முதல் கியரில் எஞ்சின் 1,500 சுற்றில் இருக்கும்போது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் போகும். அந்த வேகத்தில் காரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7,200 ஜூல். ஆக, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளட்சுக்குள் 7,200 ஜூல் வெப்பம் இறங்குகிறது. அதை வாங்கிக்கொள்ளும் இரும்பின் எடை 4 கிலோ என்றால், ஒரு கிளம்பலுக்கு 4 டிகிரி சூடு ஏறும். நெடுஞ்சாலையில் இது ஒரு பொருட்டே இல்லை. ஒருமுறை கிளம்பினால் அடுத்த சுங்கச்சாவடி வரை கிளட்சுக்கு ஓய்வு.

நெரிசலில் கதை வேறு. அதே காரில் எஞ்சின் அணையாமல், கிளட்ச் வழுக்காமல், முதல் கியரில் போகக்கூடிய மிகக் குறைந்த வேகம் மணிக்குச் சுமார் 5, 6 கிலோமீட்டர். அதற்கும் கீழே ஊர்ந்தால் கிளட்ச் முழுதாக ஒட்டவே முடியாது. ஊரும் நேரமெல்லாம் உரசிக்கொண்டே இருக்கும். மேட்டில் இன்னும் மோசம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில், பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே காரைப் பின்னால் உருளாமல் நிறுத்தி வைத்தால், கார் அசைவதில்லை, எனவே எஞ்சின் கிளட்சுக்குத் தரும் ஆற்றல் முழுவதும் வெப்பம்தான். கணக்குப் போட்டால் சுமார் 2.8 கிலோவாட் வருகிறது. அந்த 4 கிலோ இரும்பு நொடிக்கு 1.5 டிகிரி சூடேறும். அரை நிமிடத்தில் 45 டிகிரி. உராய்வுத் தகட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் 250, 300 டிகிரிப் பக்கம் சிதையத் தொடங்கும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் சில நிமிட நெரிசல் போதும், அந்த எல்லை கண்ணுக்குத் தெரிய.

கையால் கியர் மாற்றுபவர் இதை எப்படிச் சமாளிக்கிறார்? அவருக்கு மூக்கு இருக்கிறது, இடது காலில் மிதி இருக்கிறது. கிளட்ச் கருகும் வாடை வந்தால் காலை எடுத்துவிடுவார். ஓட்டுநர் பள்ளியில் முதல் வாரமே ‘ஹாஃப் கிளட்சில் நிற்காதே’ என்று திட்டு வாங்கியிருப்பார். தானியங்கிக் காரின் விற்பனை வாக்குறுதியே, இந்தக் கவலையை இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பதுதான்.

அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற முதலில் கிடைத்த வழி எண்ணெய். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை கப்பலுக்கானது. வேகமாகச் சுழலும் நீராவிச் சுழலியைக் கப்பலின் உந்திச் சக்கரத்தோடு இணைக்க, உலோகத்துக்குப் பதில் நடுவில் ஒரு திரவத்தை வைத்தார். ஒரு பக்கத்து இறக்கைகள் திரவத்தை வீச, மறுபக்கத்து இறக்கைகள் அந்த வீச்சை வாங்கிச் சுழலும். ஜெனரல் மோட்டார்ஸ் 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் தந்த ‘ஹைட்ராமேட்டிக்’ இந்த வகைத் திரவ இணைப்போடு வந்தது. கூடுதல் விலை 57 டாலர். 1948-இல் ப்யூயிக் காரின் ‘டைனாஃப்ளோ’வில், முறுக்குவிசையைப் பெருக்கியும் தரும் டார்க் கன்வெர்ட்டர் வந்தது. இதில் வழுக்குவது எண்ணெய். எண்ணெய் தேயாது. அதில் பிறக்கும் வெப்பத்தை பம்ப் தள்ளிக்கொண்டு போய் ரேடியேட்டரில் கொட்டிவிடும். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்து நின்றால்கூட எண்ணெய் சூடாகும், பெட்ரோல் வீணாகும். உரசித் தீர்ந்துபோக அங்கே எதுவும் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கர்கள் இப்படிப்பட்ட காரைத்தான் ‘ஆட்டோமேட்டிக்’ என்று பழகியிருந்தார்கள். பின்னால் வந்த கசப்புக்கு இந்தப் பழக்கம் முக்கியமான காரணம்.

எண்ணெயின் குறை, அது சீரான ஓட்டத்திலும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே இருக்கும் என்பது. பம்பைச் சுழற்றவும் எஞ்சின் உழைக்க வேண்டும். பெட்ரோல் மலிவாக இருந்தவரை யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் சிக்கனம் அமெரிக்காவில் சட்டமானது. கன்வெர்ட்டருக்குள் ஒரு சிறு கிளட்சை வைத்து, வேகம் கூடியதும் இரு பக்கத்தையும் பூட்டிவிடும் முறை 1970-களின் பிற்பகுதியில் பரவியது. அதோடு புது நோயும் வந்தது: பூட்டும் தருணத்தில் ஓர் அதிர்வு. சிக்கனத்தின் பெயரில் உலோகம் மீண்டும் உரசத் தொடங்கியது.

இங்கே எண்ணெயைப் பற்றி ஒரு கிளைக்கதை. தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெய் முரண்பட்ட இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். பற்சக்கரங்களை வழுக்கச் செய்ய வேண்டும். கிளட்ச் தகடுகளை வழுக்க விடாமல் மென்மையாகப் பிடிக்கவும் வைக்க வேண்டும். இதற்காகச் சேர்க்கும் மூலக்கூறுகள் ஒரு முனையால் உலோகத்தில் ஒட்டி, மறு முனையை வால்போல நீட்டி நிற்கும். நெடுங்காலம் இதற்கு மிகச் சிறந்ததாக இருந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் இனமாக அறிவித்து அதன் பொருள்களைத் தடைசெய்தபோது, கார் நிறுவனங்களின் வேதியியலாளர்கள் அவசரமாக மாற்றுத் தேட வேண்டியிருந்தது. டெட்ராய்ட்டின் சொகுசுக் கார்கள் உதறாமல் கியர் மாற்றியதில் ஆழ்கடலின் ஒரு விலங்குக்கும் பங்கு இருந்தது என்பது இன்று நம்பக் கடினம்.

சரி, இரட்டைக் கிளட்சுக்கு வருவோம். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டாம் கியரில் போகும்போதே மூன்றாம் கியர் தயாராகப் பூட்டி நிற்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, இழுவை அறுவதே இல்லை. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் வாகனச் சாலையைக் கவனித்துவந்த பிரெஞ்சுக்காரர் அடோல்ஃப் கெக்ரெஸ் 1930-களின் இறுதியிலேயே இதை யோசித்துவிட்டார். கணினி இல்லாமல் இரண்டு கிளட்சுகளை இவ்வளவு நுட்பமாக ஒருங்கிணைக்க முடியாது என்பதால் யோசனை காத்திருந்தது. 1980-களில் போர்ஷே பந்தயக் கார்களில் ஓடிப் பார்த்தது. 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் வழியாகத் தெருவுக்கு வந்தது.

அந்த முதல் பெட்டி ஈரக் கிளட்ச் வகை. தகடுகள் எண்ணெயில் குளித்தபடி வழுக்கும். எண்ணெய் சூட்டை எடுத்துப் போகும். 2008-இல் அதே நிறுவனம் சிறிய கார்களுக்காகக் கொண்டுவந்த ஏழு கியர் பெட்டியில் கிளட்ச் வறண்டது. முந்தையதற்கு 6.5 லிட்டர் எண்ணெய், இதற்கு 1.7 லிட்டர். எண்ணெயைக் கலக்கும் இழப்பு இல்லை, எடை குறைவு. ஃபோர்டு 2010-இல் அமெரிக்க ஃபியஸ்டாவிலும் அடுத்த ஆண்டு ஃபோகஸிலும் வைத்த ஆறு கியர் பவர்ஷிஃப்ட்டும் வறண்ட வகைதான். கிளட்சை அழுத்துவதும் கியரை மாற்றுவதும்கூட மின்மோட்டார்கள். பழைய நான்கு கியர் தானியங்கியைவிட 9 சதவீதம் வரை எரிபொருள் மிச்சம் என்று நிறுவனம் அறிவித்தது. அந்த மிச்சம் உண்மையானதுதான். ஆனால் வெப்பத்தை எடுத்துப் போக இருந்த ஒரே வாகனத்தையும் அப்புறப்படுத்திவிட்டு வாங்கிய மிச்சம் அது. இனி சூடு, தகட்டிலிருந்து சுற்றியுள்ள காற்றுக்கு மெல்லக் கசிந்துதான் போக வேண்டும்.

எரிபொருள் சிக்கனத்தை எங்கே அளக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க நகரச் சோதனைக்கான ஓட்ட வரிசை, 1960-களின் லாஸ் ஏஞ்சலீஸ் காலைப் பயணத்தை ஒட்டி வடிவமைத்தது. உருளையின் மேல் கார் ஓடும். அறையின் வெப்பம் 20 முதல் 30 டிகிரி. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர். அரை மணி நேரம் 4 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் பகுதி அதில் கிடையாது. சோதனையில் மதிப்பெண் வாங்கும் பண்பு ஒன்று, வாங்கியவரின் தெருவில் தேவைப்படும் பண்பு இன்னொன்று. ஆயுள் சோதனைகளை நிறுவனங்கள் தனியாகச் செய்வது உண்மை. என்றாலும் விளம்பரத்தில் அச்சாகும் எண் எதிலிருந்து வருகிறதோ, வடிவமைப்பு அந்தப் பக்கமே சாயும் என்பது என் கணிப்பு.

இனி உதறல். வழுக்கும்போது வேக வித்தியாசம் கூடக் கூட உராய்வுக் குணகமும் கொஞ்சம் கூடினால் கிளட்ச் அமைதியாகப் பிடிக்கும். எங்காவது ஒரு சிறு அதிர்வு எழுந்தால் உராய்வே அதை அடக்கிவிடும். மாறாக, வேக வித்தியாசம் கூடும்போது குணகம் குறைந்தால் நிலைமை தலைகீழ்: உராய்வே அதிர்வுக்குத் தீனி போடும். ஒட்டு, வழுக்கு, ஒட்டு, வழுக்கு என்று நொடிக்குப் பத்து முறை அளவில் கார் முழுதும் குலுங்கும். வயலின் வில்லை நரம்பின் மேல் இழுக்கும்போது இசை பிறப்பது இதே நிகழ்வால்தான். வில்லுக்கு ரோசின் என்ற பிசினைப் பூசுவது அந்தக் குணகச் சரிவை உண்டாக்கத்தான். வித்துவானுக்கு வேண்டிய சரிவு கார் பொறியாளருக்கு வேண்டாதது.

வறண்ட தகட்டில் அந்தச் சரிவை உண்டாக்கப் பெரிதாக எதுவும் தேவையில்லை. கொஞ்சம் ஈரப்பதம், மெருகேறிப்போன மேற்பரப்பு, ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும். பவர்ஷிஃப்ட்டில் கசிந்தது கியர் பக்கத்து எண்ணெய். உள்ளீட்டுத் தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் சீல் முழுதாகத் தடுக்காமல் விட, துளித்துளியாக எண்ணெய் கிளட்ச் பக்கம் வந்து தகட்டில் படிந்தது. சில நாணயங்கள் விலையுள்ள ஒரு வளையம். அதை மாற்றக் கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். சீலை மாற்றினார்கள், கிளட்சை மாற்றினார்கள், பிறகு தகட்டின் உராய்வுப் பொருளையே வேறாக்கினார்கள். போதாதென்று, கியர்பாக்ஸின் மேலேயே, அதன் வெப்பத்திலும் அதிர்விலும் உட்கார்ந்திருந்த கட்டுப்பாட்டுக் கணினிக்குள் சாலிடர் இணைப்புகள் விரிசல் விட்டன. கிளட்ச் பழுது காரை உதற வைக்கும். கணினியின் பழுது அதைவிட அச்சமூட்டுவது. ஓடும் காரில் இழுவை சட்டென்று போய்விடும்.

உரிமையாளர்களின் எரிச்சலுக்குப் பழுது ஒரு காரணம் என்றால், அந்தப் பழுதின் குணம் இன்னொரு காரணம். உராய்வு வெப்பநிலையைப் பொறுத்து மாறும். காலையில் நெரிசலில் உதறிய கார், மதியம் சர்வீஸ் சென்டருக்குக் காலியான சாலையில் வந்து சேரும்போது நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். ‘எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்பார் அங்கிருப்பவர். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. பழுது விட்டுவிட்டு வருவது என்று ஆஸ்திரேலியாவில் ஃபோர்டுக்குத் தெரியும். இருந்தும், விநியோகஸ்தரின் கண்முன்னே அதை நிகழ்த்திக் காட்டினால்தான் பழுதுபார்ப்போம் என்று வாடிக்கையாளரைக் கேட்டது. நீதிமன்றத்தை அபராதம் வரை கொண்டுபோன விஷயங்களில் இதுவும் ஒன்று.

அடுத்த நிலை மென்பொருள் மாற்றம். கிளட்ச் எந்த வேகத்தில் பிடிக்க வேண்டும் என்ற அட்டவணையைத் திருத்தி எழுதுவார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். பிறகு மீண்டும் உதறல். அதற்குப் பிறகு புதுக் கிளட்ச். ஆனால் அதே வடிவம், அதே இடம், அதே சூடு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று ஒரே காருக்குக் கிளட்ச் மாற்றியவர்கள் உண்டு. காரை விற்றுத் தொலைக்கலாம் என்றால் விலை போகாது. பழைய கார் வாங்குபவருக்குள் செய்தி பரவியிருக்கும். கடனுக்கு வாங்கியவர் ஓட்டப் பயப்படும் காருக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவில் 2014-இல் நிறுவனம் வாரண்டியை நீட்டித்தது: கிளட்சுக்கும் சீலுக்கும் 7 ஆண்டு அல்லது 1,00,000 மைல், கணினிக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல். 2019-இல் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளேடு, விற்பனைக்கு வருவதற்கு முன்பே குறைகள் உள்ளே பேசப்பட்டிருந்ததை நிறுவனத்தின் உள் ஆவணங்களிலிருந்து எடுத்து வெளியிட்டது. 2020-இல் ஒப்புதல் பெற்ற கூட்டு வழக்கின் சமரசம், இந்நாள், முன்னாள் உரிமையாளர்களாக ஏறத்தாழ 20 லட்சம் பேரைத் தொட்டது.

ஃபோர்டை மட்டும் கூண்டில் நிறுத்துவது சரியாகாது. 2013 மார்ச் 15, நுகர்வோர் தினத்தன்று சீன அரசுத் தொலைக்காட்சி ஃபோக்ஸ்வாகனின் வறண்ட கிளட்ச் பெட்டியைக் குறிவைத்து நிகழ்ச்சி ஒளிபரப்பியது. சில நாள்களில் 3,84,181 கார்களைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்வதாக நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களில் கியர்பாக்ஸின் செயற்கை எண்ணெயை மாற்றிக் கனிம எண்ணெய் ஊற்ற முன்வந்தது. காரணம், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று போகும் நெரிசலில், பெட்டியின் மின்சுற்று பழுதாகக்கூடும் என்பது. சீனத்துத் தென்பகுதி நகரங்களுக்கு மிகப் பொருத்தமான வர்ணனை; சென்னைக்கும் கொழும்புக்கும்கூட. வேறு வகைப் பெட்டிகளுக்கும் அவரவர் வியாதிகள் உண்டு. ஹோண்டா 2004-இல் சுமார் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இரண்டாம் கியரில் மிதமிஞ்சிய வெப்பம் சேர்ந்ததால். நிசான் தன் பட்டை வகைப் பெட்டிகளுக்கு வாரண்டியை 10 ஆண்டு, 1,20,000 மைல் என்று நீட்டித்தது. பெரும்பாலும் எங்கே தோண்டினாலும் வெப்பத்தில்தான் போய் முட்டுகிறோம்.

‘ஆயுள் முழுதும் எண்ணெய் மாற்ற வேண்டாம்’ என்ற வாசகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் கைக்கணக்கு. சொகுசுக் கார்கள் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியை வாங்கிப் பொருத்தும் கார் நிறுவனங்களின் கையேட்டில் அது ஆயுள் எண்ணெயாக இருந்திருக்கிறது. யாருடைய ஆயுள் என்று கையேடு சொல்வதில்லை. பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டினால் கார் விற்கும். பெட்டி செய்தவருக்கு அந்த நெருக்கடி இல்லை. இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால் நான் பெட்டி செய்தவர் பக்கம்.

இப்போது ‘நீங்கள் ஓட்டும் விதம்’ என்ற பதிலை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மேட்டில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரால் காரை நிறுத்துவது, முன்னால் இரண்டடி இடம் கிடைத்ததும் ஒவ்வொரு முறையும் ஊர்வது, இரண்டும் வறண்ட கிளட்சைக் கொல்லும். நம் ஊரில் 2014-க்குப் பிறகு மலிவுக் கார்களில் பரவிய ஏ.எம்.டி. வகைக்கும் இது அப்படியே பொருந்தும். அதற்குள் இருப்பதும் சாதாரண ஒற்றைக் கிளட்ச்தான், மிதிப்பது மட்டும் இயந்திரம். ஏற்றத்தில் பிரேக்கை அழுத்தி நில்லுங்கள், முன்னால் ஒரு கார் நீளம் இடம் கிடைத்த பிறகு நகருங்கள் என்பது இரண்டு வகைக்கும் நல்ல யோசனை. ஆனால் சீல் கசிந்ததற்கும் சாலிடர் விரிந்ததற்கும் ஓட்டியவரின் காலுக்கும் தொடர்பில்லை. மிதிப்பதை நெறிப்படுத்தத்தானே கணினி வைத்தார்கள்? எண்ணெய்க் கன்வெர்ட்டர் காலத்துப் பழக்கத்தோடு வந்தவரிடம், வெளியே பார்க்க அதே நெம்புகோல், அதே இரண்டு மிதிகள் கொண்ட காரைக் கொடுத்து, உள்ளே இருப்பது வேறு என்று சொல்லாமல் விட்டது விற்றவரின் விதம்.

பொறியாளர்கள் இதற்குச் சொன்ன பதிலை அவர்களுடைய வரைபடங்களில் படிக்கலாம். செங்கல்பட்டு மாவட்டத்து மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டின் பெட்ரோல் தானியங்கி வகை, 2013-இல் இரட்டைக் கிளட்சோடு வந்தது. 2017-இல் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டருக்கு மாறியது. ஃபோகஸும் 2018-இல் வந்த தலைமுறையில் எட்டு கியர் கன்வெர்ட்டருக்குப் போய்விட்டது. புதிய இரட்டைக் கிளட்ச் பெட்டிகள் பல மறுபடி எண்ணெயில் குளிக்கின்றன. ஃபோக்ஸ்வாகனோ தன் வறண்ட பெட்டியைத் திருத்தித் திருத்தி இன்றும் வைத்திருக்கிறது. இந்தியாவில் விற்கும் டைகுன், விர்ட்டஸ் கார்களில் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு அந்த இரட்டைக் கிளட்ச், 1 லிட்டர் எஞ்சினுக்குக் கன்வெர்ட்டர். ஷோரூமில் இரண்டுமே ‘ஆட்டோமேட்டிக்’தான். வாங்குபவர், எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் வழுக்குவது எது என்று கேட்டால், விற்பனையாளர் உள்ளே போய் யாரையாவது விசாரித்துவிட்டு வர வேண்டியிருக்கும். கேட்கலாம்.

ஆஸ்திரேலிய உரிமையாளர்களின் கூட்டு வழக்கு தனியாக நடந்தது. 2021-இல் ஃபெடரல் நீதிமன்றம், அந்தக் கார்கள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று தீர்ப்பளித்து, வழக்கை முன்னின்று நடத்தியவரின் காருக்கு விலையில் 30 சதவீதம் இழப்பு என்று மதிப்பிட்டது. இழப்பை எந்த நாளின் மதிப்பை வைத்து அளப்பது என்ற வாதம் அந்நாட்டின் உச்ச அமர்வான ஹை கோர்ட் வரை போனது. 2024 நவம்பரில் அது சொன்ன பதில்: காரை வாங்கிய நாளின் மதிப்பை வைத்து. அன்று ஷோரூமில் அந்தக் கார் பளபளவென்று, உதறாமல், முழு விலைக்குத்தான் நின்றிருந்தது. பின்னால் தெரியவந்த சீலையும் சாலிடரையும் அன்றே தெரிந்திருந்தால் ஒருவர் என்ன விலை கொடுத்திருப்பார் என்பதைத்தான் நீதிபதிகள் கணக்கிட வேண்டும்.